வெளிநாட்டில் செவிலியர் படிப்பு

வெளிநாட்டில் செவிலியர் படிப்பு என்பது, ஒருவர் வேறொரு நாட்டுக்கு மாணவராகச் சென்று, அங்குள்ள பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ மருத்துவமனை சார்ந்த பயிற்சிப் பள்ளியிலோ செவிலியம் கற்பதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது வெளிநாட்டு நர்சிங் படிப்பு எனப்படுகிறது. இந்தியாவில் செவிலியராகத் தகுதி பெற்ற ஒருவர் வேலைக்காக வெளிநாடு செல்வது இதிலிருந்து வேறானது. இரண்டு வழிகளும் கடைசியில் ஒரே மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஆனால் இரண்டுக்கும் ஆகும் செலவு, காலம், பொருந்தும் சட்டம் ஆகியவை வேறு வேறு.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மணப்பாறையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் மானாவாரி வேளாண்மை, மாட்டுச் சந்தை, முறுக்குத் தொழில் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றவை. இங்கே பிளஸ் டூவில் உயிரியல் பாடம் எடுத்த மாணவர்களுக்கு, மருத்துவப் படிப்புக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது செவிலியர் படிப்பு. நிலத்தையோ நகையையோ அடகு வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் குடும்பங்களும் உண்டு. எனவே இப்படிப்பைப் பற்றிய அடிப்படைச் செய்திகளைப் பணம் கட்டுவதற்கு முன்பே அறிந்துகொள்வது அவசியம்.

பட்டமும் பதிவும்

செவிலியம் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் தொழில் ஆகும். பட்டம் பெற்றதனால் மட்டும் ஒருவர் செவிலியராகப் பணியாற்ற முடியாது. பணிபுரியும் நாட்டின் அல்லது மாநிலத்தின் செவிலியர் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். இப்படிப்பைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் மேலாக நினைவில் கொள்ள வேண்டியது இதுதான்: ஒரு படிப்பின் மதிப்பு, அது எந்தப் பதிவேட்டில் பெயர் சேர்க்க உதவுகிறது என்பதைப் பொறுத்தது.

இந்தியாவில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தையும் கல்வித் தரத்தையும் வரையறுத்து வந்துள்ளது. இச்சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்யும் பொறுப்பு, சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தினுடையது.

பிற நாடுகளிலும் இத்தகைய அமைப்புகள் உள்ளன. பிரித்தானியாவில் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலும், ஆஸ்திரேலியாவில் ஆப்ரா என்னும் அமைப்போடு இணைந்த செவிலியர் வாரியமும், நியூசிலாந்தில் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சிலும் இப்பணியைச் செய்கின்றன. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும், கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. ஒரு நாட்டில் பதிவு பெற்றவர் மற்றொரு நாட்டில் தாமாகவே செவிலியர் ஆகிவிடுவதில்லை.

வரலாறு

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கப்பட்டது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லியிலும் செவிலியத்தில் பட்டப்படிப்பு தொடங்கியது. தில்லிச் செவிலியர் கல்லூரியில் 1959இல் முதுநிலைப் படிப்பு ஏற்படும் வரை, செவிலியத்தில் உயர்கல்வி வேண்டுவோர் வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. அதாவது, அன்று வெளிநாடு சென்றவர்கள் இங்கே இல்லாத கல்வியைத் தேடிச் சென்றார்கள். இன்று இந்தப் படிப்பு இங்கேயே கிடைக்கிறது. இன்று செல்வோர் பெரும்பாலும் அந்நாட்டில் பதிவும் வேலையும் பெறும் நோக்கத்துடன் செல்கின்றனர்.

1960களில் கேரளத்திலிருந்து இளம் கத்தோலிக்கப் பெண்கள் பலர், திருச்சபைத் தொடர்புகள் வழியாக மேற்கு ஜெர்மனிக்குச் செவிலியப் பயிற்சி மாணவிகளாக அனுப்பப்பட்டனர். மொழியை அங்கே போய்த்தான் கற்றனர். ஈட்டிய பணத்தை வீட்டுக்கு அனுப்பித் தங்கைகளையும் தம்பிகளையும் கரையேற்றினர். ஆனால் 1970களின் பிற்பகுதியில் அங்கு ஆள் தேவை குறைந்தபோது, சில ஜெர்மானிய மாநிலங்கள் இவர்களுள் பலருடைய தங்கும் அனுமதியை நீட்டிக்கவில்லை. சிலர் ஊர் திரும்பினர். சிலர் வேறு நாடுகளுக்குச் சென்றனர். ஒரு நாட்டின் தேவையும் விசா விதியும் படிப்புக் காலத்துக்குள்ளேயே மாறக்கூடும் என்பதற்கு இது பழைய சான்று.

2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கிடையே சிக்கிய 46 இந்தியச் செவிலியர்கள் ஜூலை 5 அன்று கொச்சிக்குப் பத்திரமாக அழைத்து வரப்பட்டனர். பெரும்பாலோர் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். வேலைக்காகப் பெருந்தொகையைக் கடன் வாங்கிக் கட்டியிருந்ததால், உயிராபத்து இருந்தும் திரும்பி வரத் தயங்கினோம் எனச் சிலர் கூறியது அப்போது செய்திகளில் வந்தது. அடுத்த ஆண்டு, 2015இல், குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு சார்ந்த முகமைகள் வழியாகவே அனுப்ப வேண்டும் என மத்திய அரசு விதி செய்தது. தமிழ்நாட்டில் இப்பொறுப்பு, 1978இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்குத் தரப்பட்டது.

இரண்டு வழிகள்

பிளஸ் டூ முடித்தவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, இங்கேயே படித்துவிட்டுச் செல்வது. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் அல்லது மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை முடித்து, தமிழ்நாடு குழுமத்தில் பதிந்து, ஓரிரு ஆண்டு மருத்துவமனை அனுபவம் பெற்று, பிறகு வெளிநாட்டுத் தகுதித் தேர்வு எழுதுவது. எடுத்துக்காட்டாக, பிரித்தானியப் பதிவுக்கு ஆங்கிலத் தேர்வும், கணினி வழித் தேர்வும், அந்நாட்டிற்குச் சென்றபின் எழுதும் செய்முறைத் தேர்வும் உண்டு. கணினி வழித் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். இவ்வழியில் பெரும் கல்விக் கட்டணம் இல்லை.

இரண்டாம் வழி, மாணவராகவே செல்வது. இதில் அந்நாட்டுப் படிப்பை முடிப்பதால், பதிவுக்கான தகுதித் தேர்வுகள் சில குறையலாம். அந்நாட்டு மருத்துவமனை நடைமுறையும் படிக்கும்போதே பழகிவிடும். ஆனால் பல்கலைக்கழகம் என்றால் கட்டணம் மிக அதிகம். பயிற்சி ஊதியம் தரும் நாடு என்றால் மொழி கடினம்.

எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கடன் சுமையைத் தாங்க முடியாத குடும்பத்துக்கு முதல் வழி பாதுகாப்பானது. அவ்வழியில் இடையில் எது தடைபட்டாலும் கையில் ஓர் இந்தியப் பட்டமும் தமிழ்நாட்டுப் பதிவும் இருக்கும்.

நாடுகள்

ஜெர்மனி: இங்கே செவிலியப் பயிற்சி பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் அல்லாமல், மருத்துவமனையோ முதியோர் இல்லமோ செய்துகொள்ளும் பயிற்சி ஒப்பந்தத்தின் வழியாக நடைபெறுகிறது. இதனை அவுஸ்பில்டுங் என்பர். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி இது மூன்றாண்டுப் பொதுச் செவிலியப் பயிற்சியாகும். குறைந்தது 2,100 மணி நேரம் வகுப்பும் 2,500 மணி நேரம் செய்முறையும் உண்டு. கல்விக் கட்டணம் இல்லை. மாத ஊதியம் உண்டு. அரசுத் துறை ஊதிய ஒப்பந்தத்தில் உள்ள மருத்துவமனைகளில் 2024 முதல் முதலாண்டு மாணவருக்கு மாதம் 1,300 யூரோவுக்கு மேல் தரப்பட்டது. காப்பீடு போன்றவை பிடித்தம் செய்யப்பட்டு, மீதியில்தான் வாடகையும் சாப்பாடும். பி1 நிலை ஜெர்மன் மொழியாவது தெரிந்திருக்க வேண்டும்; பல நிறுவனங்கள் பி2 நிலை கேட்கின்றன. முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அக்காலத்தில் எந்தத் தரப்பும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இறுதியில் எழுத்து, வாய்மொழி, செய்முறை என மூன்று வகை அரசுத் தேர்வும் ஜெர்மன் மொழியிலேயே நடக்கும்.

பிரித்தானியா: மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. மொத்தம் 4,600 மணி நேரத்தில் பாதி வகுப்பு, பாதி மருத்துவமனைப் பயிற்சி. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் ஆண்டுக்கு 15,000 பவுண்டுக்கு மேல். பயிற்சி இடங்கள் குறைவு என்பதால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டவரை இப்படிப்பில் சேர்ப்பதில்லை. முதல் ஆண்டுக் கட்டணத்துடன் 9 மாத வாழ்க்கைச் செலவுக்கான தொகை, தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து: இரண்டிலும் பட்டப்படிப்பு மூன்றாண்டு. ஆஸ்திரேலியாவில் குறைந்தது 800 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி வேண்டும். இங்கு மாணவர் விசா பெற 2024 மே முதல் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும் என விதிக்கப்பட்டது. கல்விக் கட்டணம் இதற்கு வெளியே. அங்கேயே ஆங்கிலத்தில் மூன்றாண்டு படித்திருந்தாலும், இந்தியாவில் பள்ளிக் கல்வி முடித்தவர் பதிவுக்காக மீண்டும் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டியிருக்கலாம் என்பதைப் பலர் கடைசியில்தான் அறிகின்றனர்.

அமெரிக்கா, கனடா: பட்டப்படிப்பு பொதுவாக நான்காண்டு. பதிவுக்கு என்கிளெக்ஸ் என்னும் தேர்வில் தேற வேண்டும். கனடாவில் செவிலியப் பட்டப்படிப்பில் வெளிநாட்டு மாணவருக்கான இடங்கள் குறைவு. 2024 ஜனவரியில் அந்நாடு வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவித்தது.

பெயரில் ஏமாறுதல்

படிப்பின் பெயரில் நர்சிங் என்ற சொல் இருப்பதாலேயே அது செவிலியர் பதிவுக்கு உரியது ஆகிவிடாது. குடும்பங்கள் பெரும் பணத்தை இழப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பிரித்தானியாவில் பதிவுக்கு முந்தைய படிப்பு எனக் குறிப்பிடப்படும் முதுநிலைப் படிப்பு பதிவுக்கு வழி செய்யும். ஆனால் ஏற்கெனவே செவிலியராக இருப்பவர்களுக்கான மேம்பட்ட செவிலியம், பன்னாட்டுச் செவிலியம் போன்ற முதுநிலைப் படிப்புகளும், பட்டயம் பெற்றவர் ஓராண்டில் பட்டம் பெறும் மேல்நிரப்புப் படிப்பும் அந்நாட்டுப் பதிவைத் தருவதில்லை. பட்டம் கிடைக்கும், பதிவு கிடைக்காது.

ஆஸ்திரேலியாவில் நர்சிங் டிப்ளமா படித்தவர் இரண்டாம் நிலைச் செவிலியராகத்தான் பதியப்படுவார். மூன்றாம் நிலைச் சான்றிதழ் படித்தவர் பராமரிப்பு உதவியாளர் ஆவார். அவர் செவிலியர் அல்லர். கனடாவில் நலவாழ்வு நிர்வாகம், முதியோர் பராமரிப்பு ஆகியவற்றில் தரப்படும் சான்றிதழ்களும் இத்தகையவையே. உதவியாளர் வேலை மதிப்பில் குறைந்தது அன்று. ஆனால் அதை நம்பி விசா கிடைக்கும் என்பது உறுதியில்லை. பிரித்தானியா 2025 ஜூலையில் பராமரிப்புப் பணியாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது.

செலவும் கடனும்

பிரித்தானியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ரூபாயிலிருந்து தொடங்குகிறது. மூன்றாண்டுக்கு 45 இலட்சம். அதற்கு மேல் உணவு, தங்கும் இடம், காப்பீடு, விமானக் கட்டணம்.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. அதற்கு மேல் வீடு, நிலம் போன்றவற்றைப் பிணையாகத் தர வேண்டும். எனவே இப்படிப்புக்குக் கடன் வாங்குவது என்றால் பெரும்பாலும் சொத்தை அடமானம் வைப்பது என்றே பொருள். பட்டியல் சாதியினருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே உரியது. இளநிலைச் செவிலியப் படிப்புக்கு அது பொருந்தாது.

பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று சொல்லப்படுவதுண்டு. பிரித்தானியாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரமும், ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணி நேரமுமே வேலை பார்க்கலாம். அதோடு, செவிலிய மாணவர் மற்ற மாணவரைப் போன்றவர் அல்லர். பயிற்சிக் காலத்தில் வாரம் 37 மணி நேரத்துக்கு மேல், இரவுப் பணி உட்பட, ஊதியமின்றி மருத்துவமனையில் இருக்க வேண்டும். மீதி நேரத்தில் உழைத்து வருவது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவலாம், கட்டணத்தை ஈடுகட்டாது.

மொழி

தமிழ்வழியில் படித்த மாணவர்களும் செவிலியம் நன்றாகக் கற்க முடியும். ஆனால் மொழிக்கு ஓராண்டாவது தனியாக ஒதுக்க வேண்டும். பிரித்தானியப் பதிவுக்கு இங்கிருந்து விண்ணப்பிப்பவர் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் பேசுதல், கேட்டல், படித்தல் ஆகியவற்றில் 7, எழுதுதலில் 6.5 பெற வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வும் ஏற்கப்படுகிறது. ஜெர்மன் மொழிக்குச் சென்னையில் கோத்தே நிறுவனம் வகுப்பும் தேர்வும் நடத்துகிறது. மணப்பாறையிலிருந்து சென்னை 350 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் தங்கிப் படிக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மொழி விசாவுக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை. பணி மாறும்போது ஒரு செவிலியர் அடுத்தவரிடம் நோயாளியின் நிலையையும் மருந்தின் அளவையும் வாய்மொழியாகவே ஒப்படைக்கிறார். 15 என்பது 50 என்று காதில் விழுந்தால் அது ஓர் உயிரைப் பாதிக்கும். வயதான நோயாளிகள் வட்டார வழக்கில் பேசுவார்கள். வலியைப் புத்தக மொழியில் சொல்ல மாட்டார்கள்.

பெயரும் முன்னெழுத்தும்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயரில் உள்ளது. பள்ளிச் சான்றிதழில் க. மீனா என்று இருக்கும். கடவுச்சீட்டில் முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும் என்பதால், தந்தை பெயர் குடும்பப் பெயராக இடம் பெறும். மொழித் தேர்வுச் சான்று ஒரு விதமாகவும் பட்டச் சான்று இன்னொரு விதமாகவும் அமைந்துவிட்டால், பதிவு அமைப்பு இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்கும். ஆகவே முதலில் கடவுச்சீட்டைப் பெற்று, அதில் உள்ளபடியே பிற விண்ணப்பங்கள் அனைத்திலும் பெயரை எழுதுவது நல்லது. மணப்பாறைப் பகுதிக்குரிய மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. மருத்துவமனைப் பயிற்சிக்குக் காவல்துறைச் சான்றும், மஞ்சள் காமாலை பி வகை உள்ளிட்ட தடுப்பூசிச் சான்றுகளும் தேவைப்படும்.

முகவர்கள்

1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே. ஆனால் மாணவராக அனுப்பும் கல்வி ஆலோசகர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துவதில்லை. வேலைக்குச் செல்பவருக்கு உள்ள இப்பாதுகாப்பு மாணவருக்கு இல்லை. பல ஆலோசகர்கள் மாணவரைச் சேர்த்துவிடும் கல்லூரியிடமிருந்தே தரகுத்தொகை பெறுகிறார்கள். ஆகவே அவர்கள் பரிந்துரைக்கும் கல்லூரி மாணவருக்கு ஏற்றதாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது.

ஜெர்மனியில், நியாயமான ஆள்சேர்ப்புக்கான அரசு தர முத்திரை ஒன்று 2022 முதல் வழங்கப்படுகிறது. ஆள் சேர்க்கும் செலவைச் செவிலியர் அன்றி, வேலை தருபவரே ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

திரும்பி வந்தால்

வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்புவோர் நேரடியாக இங்கே பணியில் சேர முடியாது. அவர்கள் பெற்ற தகுதியை மத்திய அமைப்பு ஏற்ற பிறகே தமிழ்நாடு குழுமத்தில் பதிய முடியும். அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் இப்பதிவைக் கேட்கிறது. ஜெர்மனியின் பயிற்சி ஒரு தொழிற்கல்வித் தகுதி. அது இந்தியாவின் பி.எஸ்சி. பட்டத்துக்கு இணையாகக் கொள்ளப்படும் என எதிர்பார்த்துச் செல்லக் கூடாது. பெற்றோரின் முதுமையில் ஊரோடு இருக்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணம் கட்டுமுன் சரிபார்க்க வேண்டியவை

1. படிப்பின் முழுப் பெயரும் கல்லூரியின் பெயரும் அந்நாட்டுச் செவிலியர் பதிவு அமைப்பின் இணையதளத்தில், அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலில் உள்ளனவா?

2. படிப்பு முடிந்தபின் எந்த நிலையில் பதிவு கிடைக்கும்: முழுச் செவிலியரா, இரண்டாம் நிலைச் செவிலியரா, உதவியாளரா?

3. மருத்துவமனைப் பயிற்சிக்கான இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா?

4. பதிவுக்குத் தனியாக மொழித் தேர்வோ தகுதித் தேர்வோ உண்டா?

5. மூன்றாண்டுக்கான மொத்தச் செலவு எவ்வளவு? இரண்டாம் ஆண்டில் கட்டணம் உயருமா?

6. விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அது எழுத்தில் உள்ளதா?

7. ஒப்பந்தத்தை இடையில் விட்டால் தண்டத்தொகை உண்டா?

இவற்றுள் முதல் கேள்விக்கு விடை காண ஆலோசகர் தேவையில்லை. பதிவு அமைப்புகளின் பட்டியல்கள் யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிடப்பட்டுள்ளன. பள்ளி ஆசிரியர் ஒருவரையோ, மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் ஒருவரையோ உடன் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், மற்ற ஆறு கேள்விகளைக் கேட்கவே தேவையில்லை.